கேம்ப் ரோடு வீடும் மவுண்ட் ஈடன் வாடகையும்

1

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில் குளிரைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்து, "அங்க சொந்த வீடு வாங்கியாச்சா?" என்பார்கள். குளிர் பழகிவிட்டது. வீட்டைப் பற்றிக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: "எங்களுக்குத்தான் தாம்பரத்துல வீடு இருக்கே!" அதைச் சொல்லும்போது என் குரல் ஒரு படி ஏறிவிடுகிறது என்று என் கணவர் ரகு கேலி செய்வார். ஏறட்டும். அந்த வீட்டை நாங்கள் எப்படிப் பிடித்துவைத்துக்கொண்டோம் என்று தெரிந்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். ரகு விஷயம் வேறு. அவர் என்னோடு சேர்ந்து பிடித்தவர், அவருக்கு உரிமை உண்டு.

இதை எழுத வைத்தது போன மாதம் ஒரு மளிகைக் கடையில் நடந்த சின்ன விஷயம்.

எங்கள் ஒரே மகள் நித்யாவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்களோடு இல்லை. நாங்கள் இருப்பது பாப்பாடோய்டோய் என்ற புறநகர். சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ, ஆக்லாந்துக்கு இது அப்படி. அவள் நகரத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் ஈடனில் மூன்று தோழிகளோடு சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து வருவாள், சாப்பிடுவாள், ஐஸ்கிரீம் டப்பாவில் சாம்பார் ஊற்றிக்கொண்டு கிளம்புவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி அரிசி வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பணம் கொடுக்கும் இடத்தில் அவள் என் கையைத் தள்ளிவிட்டு, "இன்னிக்கு நான் குடுக்கறேன்மா" என்று பெருமையாகத் தன் கார்டை நீட்டினாள். கார்டு போகவில்லை. கடைக்காரர் மறுபடி தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் போகவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். நித்யாவின் காது மடல் சிவந்துவிட்டது. நான் பணத்தைக் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

காரில் கேட்டேன். "என்னடி ஆச்சு?"

"லிமிட் முடிஞ்சு போச்சு."

"எதுல முடிஞ்சுது? துணியா? போனா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாடகைல."

நான் பிரேக் மிதித்த வேகத்தில் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். அவர் அடித்தது நியாயம்தான். ஒரு தாய்க்கு வரவேண்டிய கோபம் எனக்கு வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது சிரிப்பு. அடிப்பாவி, நம்ம வீட்டுப் பழக்கம் உனக்கும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

2

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். ரகு கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மாடியில் வீட்டுக்காரர், கீழே நாங்கள். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அவர் கையில். எங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால், "எத்தனை நாள் இருப்பாங்க?" என்று மாடிப்படியில் நின்று கேட்பார். ஒருநாள் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கீழ்வீடு வேண்டும் என்றார். வேறு வீடு தேடினோம். எங்கே போனாலும் பத்து மாத வாடகை அட்வான்ஸ். பழைய வீட்டுக்காரரோ, காலி செய்த பிறகு வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டுதான் அட்வான்ஸைத் திருப்பித் தருவார்.

அந்த எரிச்சலில்தான் சொந்த வீடு வாங்கும் துணிச்சல் வந்தது. கிழக்குத் தாம்பரம் தாண்டி, சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சின்ன பில்டர் எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தத் தெருவில் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ரகு இரண்டாவது முறை பார்க்கப் போனபோது, இன்னும் பூசாத சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுதான் நம்ம ஹால்" என்றார். அங்கே அப்போது இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

பாங்க் கடன் கொடுத்தது. ஆனால் பத்திரத்தில் எழுதும் விலைக்குத்தான் கொடுக்கும். பில்டர் கேட்கும் விலை வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவில் இருந்த பள்ளத்தில் என் நகைகள் போயின. அதற்கு மேல் பில்டர் ஒவ்வொன்றாக நீட்ட ஆரம்பித்தார். மின்இணைப்புக்கு இவ்வளவு, தண்ணீர்த் தொட்டிக்கு இவ்வளவு, கார் நிறுத்த இவ்வளவு. கார் எங்களிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தால்தான் சாவி.

அந்த வருஷங்களில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் குடை விரித்து, மேஜை போட்டு, டை கட்டிய பையன்கள் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். "லைஃப் டைம் ஃப்ரீ சார்!" ரகு வெயிலில் நிற்கிற யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். அப்படி வாங்கி வைத்த கார்டுகள் பீரோவில் கிடந்தன. போன் செய்தால் போதும், கார்டு கணக்கில் டிமாண்ட் டிராஃப்ட் வீடு தேடி வரும். பில்டருக்குப் போன கடைசித் தவணைகள் எல்லாம் அப்படி வந்த டிராஃப்ட்கள்தான். எங்கள் வீட்டின் அஸ்திவாரம் பாங்க் கடன், கூரை என் நகை, வாசல் கதவும் சாவியும் கிரெடிட் கார்டு.

3

இட்லி அரிசியோடு வீட்டுக்கு வந்ததும் ரகுவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கெட்டது.

இங்கே வாடகை வாரத்துக்கு. மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாதக் கடைசிதான். அட்வான்ஸ் நாலு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம். முதல்முறை கேட்டபோது ரகு நம்பவில்லை, "மாசமா வாரமா?" என்று இரண்டு தடவை விசாரித்தார். மற்றபடி வீட்டுக்காரர்கள் எந்த ஊரிலும் ஒரே இனம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்து, அடுப்பைத் திறந்து பார்ப்பார், ஜன்னல் ஓரம் விரலால் தடவிப் பார்ப்பார். நான் முதல்முறை அவருக்குக் காபி கொடுத்தேன். அதற்குப் பயந்து இரண்டு அடி பின்னால் போனார். லஞ்சம் என்று நினைத்தாராம். பிறகு யாரோ சொன்னார்கள்.

நித்யாவின் கதை இதுதான். மூன்று தோழிகளில் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள். அவள் பங்கு வாடகை மற்ற மூவர் தலையில். இவள் வேலை பார்க்கும் காபிக் கடையில் வியாபாரம் படுத்து, வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். இந்த வருஷம் எல்லாக் கடையிலும் அதே கதை. வாடகையைக் கார்டில் எடுத்துக் கட்டினாள். அடுத்த வாரமும் எடுத்தாள். இரண்டாவது கார்டு தபாலில் தானாக வந்தது, அதையும் எடுத்தாள்.

"முட்டாளா நீ?" என்றார் ரகு. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எவ்வளவுன்னு சொல்லு, நாளைக்கே கட்டிடறேன். இந்த வாரமே சாமான எடுத்துண்டு வீட்டுக்கு வந்துடு."

"கட்டவும் வேண்டாம், வரவும் வேண்டாம்."

"அந்த ரூம் இங்க காலியாத்தானே கிடக்கு! எதுக்கு நீ எங்கேயோ போய் வாடகை குடுக்கணும்?"

"இட்ஸ் மை ஹோம், அப்பா."

அவள் 'ஹோம்' என்று சொன்ன இடத்தில் கூரை ஒழுகும். குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. ஹீட்டர் ஒரு அறையில்தான் வேலை செய்யும். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை ரகுவை அடித்தது எனக்குத் தெரிந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

 எனக்கு ரகு சொன்னது பிடித்திருந்தது. அந்தக் கடன் ஒரு நல்ல சாக்கு. கொஞ்சம் அழுத்தினால் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலையில் அவள் தலை வாரிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று பேசுவாள். அது ஒன்று போதும் எனக்கு. இங்கே நான் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளராகத்தான் இருக்கிறேன். என் பி.எட். பட்டத்தை மதிப்பிடுவதற்கு இன்னும் ஏதோ ஒரு சான்று வேண்டுமாம், அது ஊரிலிருந்து வர வேண்டுமாம். அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நிலவும் அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

4

கேம்ப் ரோடு வீட்டின் கிரகப்பிரவேசத்தில் நாங்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டோம். வருகிறவர்கள் கவரில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், அதை வைத்து ஒரு கார்டையாவது முடித்துவிடலாம் என்று எதிர்பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார்கள். பிள்ளையார் போட்ட கடிகாரம், பெருமாள் போட்ட கடிகாரம், மணிக்கொரு தரம் குருவி கத்துகிற கடிகாரம். சாப்பாட்டுச் செலவும் கார்டில் ஏறியதுதான் மிச்சம். அன்று மாலை ரகு கடிகாரங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "நம்ம வீட்ல இனிமே எல்லாத்துக்கும் நேரம் வரும்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கார்டுகளைச் சுற்றி விடுவது என் பொறுப்பு. இந்தக் கார்டில் எடுத்து அந்தக் கார்டில் கட்டுவது, அந்தக் கார்டுக்குத் தேதி வரும்போது மூன்றாவதில் எடுப்பது. சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நிறத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு வட்டம்கூடத் தவறவில்லை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

மே மாதம் வந்தது. மெட்ரிக் பள்ளியில் மே மாதம் லீவு, லீவுக்குச் சம்பளம் கிடையாது. அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வட்டம் போட்டபோது வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளம் என்று எண்ணிப் போட்டிருக்கிறேன்! பாங்க் கடனுக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தோம், அவை திரும்பினால் வீடு போய்விடும். அதனால் இருந்த பணமெல்லாம் வீட்டுத் தவணைக்குப் போனது. கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. போன் அடிக்க ஆரம்பித்தது. பிறகு ஆள் வர ஆரம்பித்தது.

வசூலுக்கு வருகிறவர்கள் அடிக்க மாட்டார்கள். அதற்கு அவசியம் இல்லை. மாலையில், எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள். கதவைத் தட்டிவிட்டு, மாடிப்படியில் நின்று, எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேசுவார்கள். மானத்துக்குப் பயந்து எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவோம் என்பது அவர்கள் தொழில் ரகசியம். புது வீட்டில், பேர்கூடச் சரியாகத் தெரியாத அக்கம்பக்கத்தார் நடுவில், அது நன்றாகவே வேலை செய்தது.

ஒருநாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். ரகு இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. நித்யா ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், போன் எட்க்கவே மாட்டேன்றீங்க! மூணு மாசமா டேக்கா குட்த்துகினே கீறீங்க. வூடு வாங்கத் துட்டு கீது, கார்டு கட்டத் துட்டு இல்லியா?"

அதுவரை கதவைப் பாதி திறந்து, "மெதுவா பேசுங்க" என்று கெஞ்சுவதுதான் வழக்கம். அன்று ஏனோ எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கதவை முழுக்கத் திறந்து, படிக்கட்டுக்கு வந்து நின்று, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசும் குரலில் சொன்னேன்.

"மெதுவா எதுக்குச் சொல்லணும்? நானே சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். ஆமாம், கார்டுல வாங்கித்தான் இந்த வீட்டுச் சாவிய வாங்கினோம். மூணு மாசமா கட்டல. அடுத்த சம்பளம் வந்ததும் கட்ட ஆரம்பிப்போம். ஒரு பைசா விடாம கட்டுவோம். நாங்க இங்கதான் இருப்போம், எங்கயும் ஓட மாட்டோம். இன்னும் ஏதாவது சத்தமா சொல்லணுமா?"

அவர் திகைத்துவிட்டார். அப்போது மேல் மாடியில் ஒரு கதவு திறந்தது. வசந்தா அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, அதுவரை அவரோடு தண்ணீர் லாரியைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தேன். கைப்பிடிச் சுவர் மேலாகத் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, உன் லிஸ்ட்டுல எங்க வீடு இல்லியா? நானும்தான் ரெண்டு மாசமா கட்டல. மாடி ஏறி வந்து கத்தறதுக்குக் கால் வலிக்குதா?"

எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அவர்களும் அதே கதைதான். பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கதவுகளும் திறந்தன. கார் இல்லாத எட்டு குடும்பமும் கார் நிறுத்துமிடத்துக்குக் கார்டில்தான் பணம் கட்டியிருந்தது! ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

வந்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வாய் தண்ணி குடுக்கா" என்றார். குடித்துவிட்டு, "கத்தச் சொல்லித்தாங்கா சம்பளம் குடுக்கறான். எனுக்கும் பேஜாராத்தான் கீது" என்றார். டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எட்டு வீட்டுப் பெண்களும் கூடினோம். வசந்தா அக்கா சீட்டு பிடிக்கலாம் என்றார். ஏலச்சீட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதாமாதம் எல்லோரும் பணம் போடுவோம், அவசரம் உள்ளவர் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுப்பார், விட்டது மற்றவர்களுக்கு லாபம். அக்கா அதை மாற்றினார்.

"தள்ளி எடுக்கற வேலையெல்லாம் இங்க கெடையாது. முழுப் பணம். யார் வாசல்ல சத்தம் ஜாஸ்தியோ அவங்களுக்கு முதல் சீட்டு. எடுத்ததும் ஒரு கார்ட முழுசா அடைச்சிட்டு, அத நம்ம எல்லார் முன்னாடியும் கத்தரிச்சுப் போடணும்."

நான் ஊரில் எத்தனையோ பூஜைக்குப் போயிருக்கிறேன். அந்த மொட்டை மாடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் முதல் கார்டைக் கத்தரித்தபோது கைதட்டினோமே, அந்தச் சந்தோஷம் எதிலும் வரவில்லை.

ஆனால் எங்கள் முறை வருவதற்கு முன்னால் இன்னொரு சோதனை வந்தது. ரகுவின் அண்ணாவுக்குப் படப்பையில் பெரிய வீடு, மாடி காலி. விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர், எங்கள் மேல் பிரியம் உள்ளவர். அதில் சந்தேகமே இல்லை. ஹாலில் உட்கார்ந்து ரகுவிடம் சொன்னார்.

"எல்லாக் கார்டையும் நான் அடைச்சிடறேண்டா. நீ ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு மாடிக்கு வந்துடுங்கோ. எதுக்கு இந்த அவஸ்தை? பொண்ணு பயந்து போயிருக்கா பாரு."

ரகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அண்ணா பேச்சைத் தட்டியதே இல்லை. என்னைப் பார்த்தார். நீயே சொல் என்கிற பார்வை.

நான் சொன்னேன். "சோத்துக்கு வழியில்லாமப் போனா கண்டிப்பா வர்றோம், வெக்கப்படாம வர்றோம். வீட்டுக்கு வழியில்லேன்னு மட்டும் வரமாட்டோம். இத எங்களால கட்ட முடியும். கடனா கொஞ்சம் குடுங்க, வாங்கிக்கறோம். சும்மா குடுத்தா வேண்டாம்."

அவருக்கு வருத்தம்தான். "தம்பிக்குக் கடன் குடுக்கறதா?" என்று எழுந்து போய்விட்டார். ஒரு வருஷம் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் எங்கள் ஹால் டியூஷன் வகுப்பாக இருந்தது. கேபிள் கனெக்ஷனை வெட்டினோம். ரகு சனி ஞாயிறு பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதிக்குக் கணக்கு எழுதப் போனார். வரும்போது அங்கே மிஞ்சிய வாழைப்பழச் சீப்பை ரயிலில் கொண்டுவருவார். நாங்கள் இரண்டு பேரும் அந்த வருஷம்போல் அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்து உழைத்ததில்லை. கடைசிக் கார்டைக் கத்தரித்த அன்று ரகு வாசல் கதவைத் தொட்டுப் பார்த்து, "இப்ப இதுவும் நம்மது" என்றார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இன்றைக்கு அந்த வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்களிடம் நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் வாங்கவில்லை, மூன்று மாதம்தான். மோட்டார் சுவிட்ச் அவர்கள் கையில்.

6

ரகு தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு நானும் நித்யாவும் சமையலறையில் நின்றோம். அவள் பாத்திரம் தேய்த்தாள், நான் துடைத்து வைத்தேன். இதுதான் தருணம் என்று பேச ஆரம்பித்தேன். அப்பா சொல்வதில் என்ன தப்பு, இரண்டு வருஷம் எங்களோடு இருந்துவிட்டுப் பிறகு போ, கடனும் இல்லை, கவலையும் இல்லை என்றேன். இனிமையாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

அவள் குழாயை மூடினாள். "பெரியப்பா மாதிரியே பேசறே."

"எந்தப் பெரியப்பா?"

"படப்பைப் பெரியப்பா. நான் ஹால்லதான் இருந்தேன், ஞாபகம் இருக்கா? ஹோம்வொர்க் பண்றமாதிரி உக்காந்திருந்தேன். நீ என்ன சொன்னேன்னு எனக்கு வேர்ட் பை வேர்ட் தெரியும். சும்மா குடுத்தா வேண்டாம், கடனா குடுங்கன்னே. ஸ்கூல்ல, ஃபிரெண்ட்ஸ்கிட்ட, இங்க வந்தப்புறம்கூட, எங்கம்மா அப்படிச் சொன்னான்னு எத்தனை பேர்கிட்ட பெருமையடிச்சிருக்கேன் தெரியுமா?"

 இந்தப் பெண் தமிழை மறந்துகொண்டிருக்கிறாள், பண்டிகை தேதி கேட்டால் விழிக்கிறாள், எங்களை விட்டுக் கை நழுவிப் போகிறாள் என்று நான் போனில் ஊருக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவளோ நான் பேசிய நாலு வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னிடமே நீட்டுகிறாள். எரிச்சலாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"சரி. அப்ப என்னதான் பண்றதா இருக்கே?" என்றேன்.

"காலி ரூமுக்கு வேற ஆள் பாத்தாச்சு, அடுத்த வாரம் வர்றா. காலேஜ் லைப்ரரில ஈவினிங் வேலை கேட்டிருக்கேன். கார்டு வட்டிதான் கொல்லுது." கொஞ்சம் தயங்கினாள். கையை ஈரத்தோடு சட்டையில் துடைத்துக்கொண்டாள். "கடனா குடும்மா. வாரா வாரம் வியாழக்கிழமை உன் அக்கவுண்ட்ல போட்டுடறேன். ஆனா வீட்டுக்கு வரச் சொல்லாதே."

அவள் கேட்டவிதத்தில் கெஞ்சல் இல்லை. நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். என் மகள் வளர்ந்துவிட்டாள் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. பெருமையாக இருந்தது. அதை மறைக்க, "வட்டி போட மாட்டேன், ஆனா வியாழன்னா வியாழன்தான்" என்று டீச்சர் குரலில் சொன்னேன்.

மறுநாள் அவளும் நானும் பாங்குக்குப் போய் இரண்டு கார்டையும் அடைத்தோம்.

7

ரகுவுக்கு இது பிடிக்கவே இல்லை. "பெத்த பொண்ணுகிட்ட கடன வசூல் பண்றதா? ஊர்ல யாராவது கேட்டா சிரிப்பா" என்றார். முதல் வியாழக்கிழமை பணம் வந்தது. அதை அப்படியே அவள் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "தொடாதீங்க" என்றேன். இரண்டாவது வியாழனும் வந்தது. அவர் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

இந்த வியாழக்கிழமை பணம் வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது. ரகு பக்கத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, லைப்ரரில சம்பளம் நாளைக்குத்தான் போடுவாங்களாம். ரெண்டு நாள் டைம் குடு."

ரகு எனக்கு எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம் என்று சொல், வைத்துக்கொள்ளச் சொல், இனிமேல் தரவே வேண்டாம் என்று சொல். எனக்கும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேண்டாண்டி கண்ணு, நீயே வெச்சுக்கோ, சாப்பிட்டியா, குளிருக்கு நல்ல போர்வை இருக்கா.

"சரி. சனிக்கிழமைக்குள்ள போட்டுடு" என்றேன்.

 "தேங்க்ஸ்மா" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

போனை வைத்ததும் ரகு பிடித்துக்கொண்டார். "குழந்தை கேக்கறா, ஒரு வாரம் வேண்டாம்னு விட்டுக் குடுத்தா என்ன கொறைஞ்சு போயிடும்?"

"இன்னிக்கு விட்டுக் குடுத்தா, நாளைக்கு அந்த வீட்டையும் விட்டுட்டு வந்துடுவா."

"வரட்டுமே! உனக்கு அந்த ஆசையே இல்லையா?"

"ஏன் இல்ல? தினமும் இருக்கு" என்றேன். "அதனாலதான் காச கேட்டு வாங்கறேன்."